நூறு கொடுத்து ஐம்பத்திரண்டு வாங்கியவர்

எங்கள் வீட்டில் ஒரு சண்டை முப்பது வருடத்துக்கு மேல் நடந்தது. ஒருபக்கம் அப்பாயி, இன்னொரு பக்கம் அவருடைய தம்பி. அவரை நாங்கள் தம்பித் தாத்தா என்போம். இருவரும் சிலோனில் ஒரே தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பிறந்து வளர்ந்தவர்கள். அப்பாயி 1970இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார், தம்பித் தாத்தா 1979இல். இருவரும் கடைசியில் வந்து சேர்ந்தது நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம். மறுபடியும் தேயிலை, மறுபடியும் லயம். தீபாவளிக்குக் கறி வெந்துகொண்டிருக்கும்போது பேச்சு எப்படியோ சிலோன் காசை இந்தியக் காசாக மாற்றிய இடத்துக்குப் போய்விடும். "நான் நூறு ரூவா குடுத்தேன், நூத்தி இருபத்தாறு எண்ணி வச்சாங்க" என்பார் அப்பாயி. "எனக்கு அம்பத்திரெண்டு" என்பார் தம்பித் தாத்தா. அவ்வளவுதான், ஆரம்பமாகிவிடும். "எண்ணிப் பாக்காம வாங்கினா அப்படித்தான். உன் முழியைப் பாத்தே குடுத்திருக்கான்" என்று அக்கா சொல்ல, கரையில் காசு மாற்றிக் கொடுத்த அந்தக் குமாஸ்தாவைத் தம்பி திட்டத் தொடங்குவார். பெயர் தெரியாத அந்த மனிதர் எங்கள் குடும்பத்தின் நிரந்தர வில்லன். எழுதப் படிக்கத் தெரியாதவன் என்று நினைத்துப் பாதியை அமுக்கிவிட்டார் என்பது தாத்தாவின் முடிந்த முடிவு. 2016இல் அவர் இறந்துபோனார். அந்த முடிவோடுதான் போனார்.

நானும் அப்படித்தான் நம்பினேன். அப்பாயி கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவர் என்பதால், நூற்று இருபத்தாறில் ஒரு இருபத்தாறைக் கழித்துக்கொண்டேன். நூறுக்கு நூறு கிடைத்திருக்கும், இவர் பெருமைக்குச் சேர்த்துக்கொண்டார். தாத்தாவிடம் நாற்பத்தெட்டை எவனோ அடித்திருப்பான். இரண்டும் நடக்கக்கூடியதே. இதில் ஆராய என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

2023 ஜனவரியில் முதல்முறையாக நான் இலங்கை போனேன். கொழும்பில் காசு மாற்றும் கடையில் பத்தாயிரம் இந்திய ரூபாய் கொடுத்தேன். நாற்பதாயிரத்துக்கு மேல் வந்தது. கட்டு பெரிதாக இருந்ததால் பர்ஸில் அடங்கவில்லை. இரண்டு பாக்கெட்டில் பிரித்து வைத்துக்கொண்டு மலைநாட்டு அட்டனுக்குக் கோச்சி (ரயில்) ஏறினேன். தாத்தா வழியில் ஒரு அத்தை இன்னும் அங்கே தோட்டத்தில் இருக்கிறார். கொழுந்து எடுத்துவிட்டு வந்து, கூடையை இறக்கிவைத்து, எனக்குப் பிளேன்டீ போட்டுக் கொடுத்தார். ஒரு நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் என்றார். என் மூளை நான் கேட்காமலே கணக்குப் போட்டது: இந்தியக் காசுக்கு இருநூற்று இருபத்தைந்து. அத்தைக்கும் அது தெரிந்திருக்கிறது. "உங்க சல்லிக்கு எங்களது எம்புட்டு மருமகனே, கால்வாசி வருமா?" என்று கேட்டார். வராது, கால்வாசிக்கும் கொஞ்சம் குறைவு. நான் டீயைக் குடித்தேன். அந்த நிமிடம்தான் அப்பாயியின் நூற்று இருபத்தாறு திரும்ப ஞாபகத்துக்கு வந்து உட்கார்ந்தது. கால்வாசிக்கும் கீழே இருக்கிற இந்தக் காசா ஒரு காலத்தில் நம் காசைவிடக் கால்வாசி அதிகமாக இருந்தது?

ஒரே ரூபாய்

ஊருக்குத் திரும்பியதும் பழைய மாற்று விகிதங்களைத் தேட ஆரம்பித்தேன். இதில் ஒரு தொல்லை உண்டு. இந்திய ரூபாய்க்கும் இலங்கை ரூபாய்க்கும் நேரடியாக யாரும் கணக்கு எழுதி வைப்பதில்லை. டாலருக்கு இந்திய ரூபாய் எவ்வளவு, டாலருக்கு இலங்கை ரூபாய் எவ்வளவு என்று தனித்தனியாகத்தான் கிடைக்கும். ஒன்றை மற்றதால் நாமே வகுத்துக்கொள்ள வேண்டும். பள்ளி நோட்டு ஒன்றில் மூன்று பத்தி கோடு போட்டு வகுக்க உட்கார்ந்தேன்.

முதலில் தெரிந்துகொண்டது, இவை இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 1869இல் இந்திய வெள்ளி ரூபாயையே இலங்கையில் சட்டப்படி செல்லும் காசாக ஆக்கினார்கள். 1872இல் அதை நூறு சதமாகப் பிரித்தார்கள். அணா, பைசா என்று இந்தியா இழுத்துக்கொண்டு கிடந்து, நூறு நயா பைசாவுக்கு வந்தது 1957இல்தான். எண்பத்தைந்து வருடம் முன்னாலேயே சிலோனில் சதக்கணக்கு வந்துவிட்டது! அப்பாயி இன்றுவரை பைசா என்று சொல்வதில்லை, சதம்தான். ஆக, எங்கள் பாட்டன் பூட்டன்கள் கண்டிச் சீமையில் சம்பாதித்து ஊருக்கு அனுப்பிய காலத்தில் மாற்று விகிதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தக் கரையில் வாங்கிய வெள்ளி ரூபாய் இந்தக் கரையிலும் அதே வெள்ளி ரூபாய். கங்காணி பிடித்ததும் கடைக்காரர் பிடித்ததும் போக மிஞ்சினால்தானே என்பது வேறு கதை.

1950 ஆகஸ்டில் இலங்கை மத்திய வங்கி திறந்தபோதுதான் சிலோன் ரூபாய்க்குத் தனிக்குடித்தனம். அப்போதும் மதிப்பு ஒன்றுதான். அதற்கு முந்தின ஆண்டு, 1949 செப்டம்பரில், இங்கிலாந்து பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. அதன் வாலைப் பிடித்திருந்த இந்திய ரூபாயும் சிலோன் ரூபாயும் சேர்ந்தே இறங்கின. டாலருக்கு 3 ரூபாய் 31 காசு என்று இருந்தது 4 ரூபாய் 76 காசு ஆனது. (பாகிஸ்தான் மட்டும் இறங்க மாட்டேன் என்றது. அவர்களுடைய நூறு ரூபாய்க்கு நாம் நூற்று நாற்பத்துநான்கு தர வேண்டும் என்ற நிலை. இந்தியா ஒப்புக்கொள்ளவில்லை. வியாபாரமே நின்று, கல்கத்தா சணல் ஆலைகள் சணலுக்குத் தவித்தன. இரண்டு வருடத்துக்கு முன்புவரை ஒரே காசு புழங்கிய இடம்.) சிலோனும் இந்தியாவும் அப்படிச் சண்டை போடவில்லை. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, எங்களைப்போன்ற தோட்டத் தமிழர்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தபோதும் ரூபாய்க்கு ரூபாய்தான்.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. திரும்பிப் போகிறவர்கள் தங்கள் சேமலாப நிதி, பணிக்கொடை உட்பட எல்லாச் சொத்தையும் கொண்டுபோகலாம். ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய உச்ச வரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்க மாட்டோம் என்று இலங்கை அரசு ஒப்புக்கொண்டது. இந்த நாலாயிரம் என் நோட்டில் நடுப்பத்தியாக ஆயிற்று. வருடா வருடம் இந்த நாலாயிரம் இந்தக் கரையில் என்னவாக ஆகிறது என்று வகுத்துப் பார்த்தேன். 1964இல் நாலாயிரம் என்றால் நாலாயிரமேதான்.

அப்பாயியின் இருபத்தாறு

1966 ஜூன் 6. இந்திரா காந்தி பிரதமராகி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 4.76 என்றிருந்த டாலர் ஒரே நாளில் 7.50 ஆனது. இதை ரூபாயின் மதிப்பு 36.5 சதவீதம் குறைந்தது என்றும் சொல்லலாம், டாலர் விலை 57.5 சதவீதம் ஏறியது என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே சங்கதி. ஆளுங்கட்சி முதல் எண்ணைச் சொல்லும், எதிர்க்கட்சி இரண்டாவதைச் சொல்லும். காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜருக்கே இந்த முடிவு பிடிக்கவில்லை என்பது நமக்குத் தெரிந்த கதைதான். நமக்குத் தெரியாத பக்கம் ஒன்று இருக்கிறது. சிலோன் ரூபாய் அன்று அசையவில்லை, 4.76லேயே நின்றது. டட்லி சேனநாயக்க அரசு ஒரு விரலைக்கூட ஆட்டாமல், அங்கே கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தவர்களின் நாலாயிரம், இந்தியக் காசில் 6,300 ஆகிவிட்டது.

அதன் பிறகு 1967 நவம்பரில் இங்கிலாந்து மறுபடி பவுண்டைக் குறைத்தது. இந்த முறை இந்தியா கூடப் போகவில்லை, சிலோன் போனது. அதுவும் பவுண்டைவிட அதிகமாகவே, இருபது சதவீதம். டாலருக்கு 5.95. இப்போது வகுத்துப் பாருங்கள்: 7.50ஐ 5.95ஆல். 1.26. நூறு சிலோன் ரூபாய்க்கு நூற்று இருபத்தாறு இந்திய ரூபாய். பேனாவை வைத்துவிட்டேன். எங்கள் அப்பாயி ஒரு ரூபாய்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. ஐம்பது வருடமாக தசமப்புள்ளி பிசகாமல் மாற்று விகிதத்தைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான்தான் பேரன் என்ற உரிமையில் இருபத்தாறைக் கழித்துவிட்டிருந்தேன்.

அவர் கொண்டுவந்தது 1,500. கையில் கிடைத்தது 1,890. அந்தக் காசில்தான் இரண்டு ஆடும், அப்பாவுக்குப் பள்ளிக்கூடத் துணியும், ஒரு பித்தளை அண்டாவும் வந்தன. அண்டா இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது, பொங்கலுக்கு மட்டும் வெளியே வரும்.

இதில் இன்னொரு உள்கணக்கு இருந்தது. டாலருக்கு 5.95 என்பது சிலோன் அரசாங்கமே முழுசாக நம்பாத விலை. தேயிலை விலை இறங்கிக்கொண்டிருந்தது, அந்நியச் செலாவணி கையில் இல்லை. 1968இல் ஒரு சான்றிதழ் முறையைக் கொண்டுவந்தார்கள். அத்தியாவசிய இறக்குமதிக்குப் பழைய விலையிலேயே டாலர் கிடைக்கும். மற்றதற்கு டாலர் வேண்டுமென்றால், சான்றிதழ் வாங்கி மேலே 44 சதவீதம் கட்ட வேண்டும். பின்னால் அது 55, அப்புறம் 65 ஆனது. அதாவது ஒரே நாட்டில் ஒரே டாலருக்கு இரண்டு விலை. 44 சதவீதத்தைச் சேர்த்தால் டாலர் எட்டரை ரூபாய்க்கு மேல் போய்விடும். அந்த விலையில் அப்பாயியின் நூறு ரூபாய்க்கு இங்கே தொண்ணூறுகூடத் தேறாது. அவர் சொல்லும் நூற்று இருபத்தாறு முதல் விலையின் கணக்கு. ஒரு அரசாங்கம் வீம்புக்குத் தூக்கிப் பிடித்திருந்த பொய் விலையின் லாபம், கைநாட்டு வைக்கிற ஒரு தோட்டத்துப் பெண்ணின் முந்தானையில் வந்து விழுந்திருக்கிறது.

1977 நவம்பர்

எழுபதுகளின் நடுவில் இரண்டு காசும் மெல்ல நெருங்கிவிட்டன. 1976 வாக்கில் நூறுக்கு நூற்றைந்து, நூற்றாறு. எண்ணை மட்டும் பார்க்கிறவர்கள், ஆகா, சிலோன் காசு அப்போதும் நம்மைவிட மேலே என்பார்கள். அங்கே இருந்தவர்களைக் கேட்க வேண்டும். 73, 74இல் தோட்டங்களில் பட்டினி. அரிசி இல்லை, மாவு இல்லை, பாணுக்கு (ரொட்டிக்கு) வரிசை. லயத்தில் மரவள்ளியும் கீரையும் தின்று உயிர் பிழைத்த கதையைத் தம்பித் தாத்தா சொல்லும்போது குரல் ஏறவே ஏறாது, வானிலைச் செய்தி வாசிப்பதுபோலச் சொல்வார். பெட்டியில் காசு இருந்தாலும் கடையில் வாங்கச் சாமான் இல்லாத காலம் அது. "சல்லிக்கு அப்ப மதிப்பு இருந்துச்சு, சல்லியத்தான் திங்க முடியல" என்பார்.

1977 ஜூலைத் தேர்தலில் ஜே.ஆர். ஜெயவர்தன ஆறில் ஐந்து பங்கு இடத்தோடு வந்தார். நவம்பரில் நிதியமைச்சர் ரொனி டி மெல் வாசித்த பட்ஜெட்டில் இரண்டு விலை முறைக்கு முடிவு கட்டினார்கள். சான்றிதழ் கிடையாது, இனி டாலருக்கு ஒரே விலை. அந்த விலை 16 ரூபாய். அதற்கு முன் அதிகாரபூர்வ விலை ஒன்பது ரூபாய்க்குள் இருந்தது. பொருளாதாரம் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் பாராட்டித்தான் எழுதுகிறார்கள்: பொய் விலை ஒழிந்தது, காசு தன் உண்மையான மதிப்புக்கு வந்தது, கடைகள் நிறைந்தன. எல்லாம் சரிதான். கடைகள் நிறையத்தான் செய்தன. தாத்தாவே கப்பலேறுமுன் ஒரு டிரான்சிஸ்டர் வாங்கினார்.

ஆனால் என் நோட்டின் நடுப்பத்தியைப் பாருங்கள். 1964இல் நாலாயிரம். 66இல் 6,300. 67 கடைசியிலிருந்து 5,040. 1978இல் டாலர் அங்கே பதினைந்தரை, இங்கே எட்டு ரூபாய்ச் சொச்சம். நாலாயிரத்துக்கு 2,100. தம்பித் தாத்தா வந்த 1979இல் நூறுக்கு ஐம்பத்திரண்டு. அவரும் ஒரு ரூபாய்கூட மாற்றிச் சொல்லவில்லை. அவரும் அவருடைய மனைவியும் சேர்ந்து கொண்டுவந்த பண்டு காசு (சேமலாப நிதி) 3,100. அக்கா கொண்டுவந்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். கையில் வாங்கியது ஆயிரத்து அறுநூறு. அக்காவுக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. ஒன்பது வருடம் கூடுதலாக உழைத்தார், இரண்டு பேர் சம்பளத்தில் பிடித்தார்கள், குறைவாக வாங்கினார்.

இந்த இடத்தில்தான் எனக்கு மனசு ஆறவில்லை. அந்தப் பண்டு காசை ஒரே நாளில் பிடிக்கவில்லை. அறுபதுகளில் சிலோன் ரூபாய் ஒன்றரை இந்திய ரூபாயாக இருந்தபோதும் பிடித்தார்கள், அது ஒன்றேகாலாக இருந்தபோதும் பிடித்தார்கள், பட்டினிக் காலத்திலும் மாதம் தவறாமல் பிடித்தார்கள். கொடுக்கும்போது அரை ரூபாயாகக் கொடுத்தார்கள். செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) பேர் விழுந்த ஒவ்வொரு நாளும் ஒரு ரூபாயில் சேர்த்துவைத்த பணம், ஒரு பட்ஜெட் பேச்சுக்குப் பிறகு வேறொரு ரூபாயில் திரும்பிவந்தது. தேயிலை ஏற்றுமதி செய்கிறவருக்கு விலை சரியானது, இறக்குமதியாளருக்குத் தாள் வேலை குறைந்தது. தோட்டத்தை விட்டுப் போகிறவனுடைய மூட்டை அந்தக் கணக்கில் எந்தப் பத்தியிலும் வரவில்லை. பொய் விலை எங்கள் குடும்பத்துக்கு ஒரு அண்டா கொடுத்தது, நேர்மையான விலை எங்கள் தாத்தாவின் பாதியைப் பிடுங்கியது என்று நான் ஒரு நண்பரிடம் சொன்னேன். அவர் வங்கியில் இருக்கிறவர். "அந்தப் பொய் விலையாலதான் கடையில அரிசி இல்லாமப் போச்சு, அதையும் எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

அவர்கள் போன கோச்சிக்கு மலையகத்தில் அழுகைக் கோச்சி என்று பெயர். தலைமன்னாரில் இறங்கி, கப்பலேறி, ராமேஸ்வரம், மண்டபம் முகாம். யார் எந்த வருடம் அந்தக் கோச்சியில் ஏறினார்கள் என்பதை அவர்கள் தீர்மானிக்கவில்லை. விண்ணப்பம், குடியுரிமைக் கடதாசி, தோட்டக் கணக்கு முடிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மேசை. தாத்தாவின் கடதாசியில் ஏதோ எழுத்துப் பிழை, வயது பொருந்தவில்லை என்று வருடக்கணக்கில் இழுத்திருக்கிறது. அந்தப் பிழை இல்லாமல் இருந்திருந்தால் 1975, 76லேயே வந்திருப்பார். கொண்டுவந்ததுக்கு ஒரு ரூபாயும் குறைந்திருக்காது.

இதற்குப் பிறகு கோடு நேராகக் கீழே போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1990இல் நூறு இலங்கை ரூபாய்க்கு நாற்பத்துநான்கு கிடைத்தது. 91இல் நம் ரூபாய் அடிவாங்கியதும், போர் நடந்துகொண்டிருந்த நாட்டின் காசு நம் காசுக்கு எதிராக ஏறியது. 2000இலும் ஐம்பத்தெட்டு இருந்தது. அப்புறம் மொத்தத்தில் இறக்கம்தான். 2022 மார்ச் தொடக்கத்தில் டாலர் அங்கே இருநூறு ரூபாய் அளவில் பிடித்துவைக்கப்பட்டிருந்தது. மார்ச் 7இல் பிடியைத் தளர்த்தினார்கள், மே மாதத்தில் 360. மறுபடி ஒரு பொய் விலை, மறுபடி வரிசை, மறுபடி ஒரே மூச்சில் ஏறக்குறையப் பாதி. அட்டனில் அத்தை கொடுத்த பிளேன்டீயின்போது நான் போட்ட கணக்கு அதன் மிச்சம்.

அப்பாயியிடம் சொன்னது

நோட்டை எடுத்துக்கொண்டு போய் அப்பாயி பக்கத்தில் உட்கார்ந்தேன். எண்பது தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். பத்தி பத்தியாகச் சொல்லவில்லை. "தம்பித் தாத்தாவ யாரும் ஏமாத்தல அப்பாயி. அந்த வருசம் அவங்க காசுக்கு அம்பத்திரெண்டுதான் வெல. நீங்க வந்தப்ப நூத்தி இருபத்தாறு. ரெண்டு பேரும் சொன்னது நெசம்" என்றேன்.

ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அந்தக் கணக்கப்புள்ள எடுக்கலையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பாவம். முப்பது வருசமா அவரத் திட்டுனோமே" என்றார். சற்றுக் கழித்து, "அவன்கிட்ட இதச் சொல்லியிருந்தா இன்னும் ஜாஸ்தியாத்தான் திட்டியிருப்பான். அந்தாளுன்னா ஒரு ஆளு. இதுக்கு யாரப் போயித் திட்டுவான்?" என்றார்.

எழுந்து போய்த் தகர டப்பாவிலிருந்து ஒரு நோட்டை எடுத்துவந்தார். சிலோன் ஒரு ரூபாய்த் தாள். 1970இல் மாற்றாமல் ஞாபகத்துக்கு வைத்துக்கொண்டதாம், நாலாக மடித்து மடித்து மடிப்பில் கிழிந்திருந்தது. இப்போது இதற்கு என்ன கிடைக்கும் என்று கேட்டார். பழைய நோட்டு, எங்கும் வாங்க மாட்டார்கள், வாங்கினாலும் இருபத்தைந்து காசுகூட வராது என்றேன்.

"இருபத்தஞ்சு சதமா?" என்று சிரித்தார். "அதத்தான் இங்க செல்லாதுன்னு நிறுத்திட்டாங்களே."

நோட்டை மறுபடி நாலாக மடித்து டப்பாவில் போட்டு மூடினார்.